குழாயடியில் தூங்கும் கருவி

போன புதன்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குத் தாராவியில் ஒரு தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என்னோடு பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றார்கள். குழாயின் வாயோரத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி கட்டியிருந்தது. அது தூங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சந்தில் அப்போது தூங்கியது அது ஒன்றுதான்.

செம்பூர்க்காரிக்கு அந்த நேரத்தில் அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். கட்டியிருந்தது என் வீட்டு வாசல் மணி.

அங்கிருந்து தொடங்குகிறேன்.

என் வீட்டு வாசலில் கேமரா வைத்த அழைப்பு மணி ஒன்று இருந்தது. பேட்டரியில், வைஃபையில் ஓடுவது. யாராவது அழுத்தினால் என் ஃபோனில் அவர் முகம் தெரியும். ஒரு முறை சார்ஜ் செய்தால் ஆறு மாதம் என்று பெட்டியின் மேல் போட்டிருந்தது. எனக்கு ஆறு நாள் வந்தது. பத்திரிகை அலுவலகத்தில் அச்சுக்குப் போகும் எண்களைச் சரிபார்த்தே காலம் தள்ளியவள் நான். நாளுக்கும் மாதத்துக்கும் வித்தியாசம் தெரியும்.

ஹரிஹரனைக் கூப்பிட்டேன். மாட்டுங்காவில் நாங்கள் குடியிருந்தபோது பக்கத்து ஃபிளாட். பாலக்காட்டுக் குடும்பம். வயது நாற்பத்து மூன்று, காதோரம் நரை, இன்னும் என்னை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறான். மறுப்பதை நிறுத்திவிட்டேன். விக்ரோலியில் ஓர் அலுவலகத்தில் இன்ஜினீயர். என்ன வேலை என்று கேட்டால், "சாமானையெல்லாம் தூங்கப் பண்றது" என்பான். அதாவது, வைஃபையில் ஓடும் பேட்டரிச் சாமான்கள் குறைவாக மின்சாரம் தின்ன வழி பார்ப்பது. பதினொரு வருடமாக அதே வேலை. இதற்கெல்லாமா சம்பளம் தருகிறார்கள்? நானும் கேட்டேன். தருகிறார்களாம்.

வந்தவன் மணியைக் கழற்றி மேசைமேல் வைத்து, ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று விசாரித்தான். பால்காரர், பேப்பர்காரர், குப்பை எடுப்பவர். எப்போதாவது கூரியர். அவ்வளவுதான் என்றேன்.

"அவா வர்றப்போ பேட்டரி செலவாகலை, ஆன்ட்டி. யாரும் வராதப்போதான் செலவாறது."

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனாலும் விளக்கினான்.

வைஃபை சாதனம் பேசும் நேரம் கொஞ்சம். அதனால் பேச்சுக்குச் செலவு கொஞ்சம். அதிகம் தின்பது, கேட்டுக்கொண்டிருப்பது. யாராவது கூப்பிடுவார்களோ, கூப்பிடுவார்களோ என்று நாள் முழுக்கக் காதைத் திறந்து வைத்திருப்பது. யாரும் கூப்பிடுவதில்லை. பேட்டரி மட்டும் தீர்ந்துபோகிறது.

வழி ஒன்றுதான். தூங்க வேண்டும். ஆனால் சொல்லிவிட்டுத் தூங்க வேண்டும். 'நான் படுக்கிறேன், எனக்குச் செய்தி வந்தால் வைத்திரு' என்று ரௌட்டரிடம் சொல்லிவிட்டுச் சாதனம் காதை மூடும். ரௌட்டர் செய்தியைப் பிடித்து வைத்திருக்கும். சாதனம் அவ்வப்போது அரைக்கண் திறந்து, எனக்கு ஏதாவது உண்டா என்று பார்க்கும். இல்லையா, மறுபடி தூக்கம். எவ்வளவு நீளமாகத் தூங்குகிறதோ அவ்வளவு பேட்டரி மிச்சம். அவ்வளவு தாமதமாகச் செய்தி கிடைக்கும்.

"இது ரெண்டுக்கும் நடுவுல கோட்டை எங்க போடறதுங்கறதுதான் என் உத்தியோகம்" என்றான் ஹரி.

சரி செய்து தருகிறேன் என்று மணியைப் பையில் போட்டுக்கொண்டு போனான். அது நடந்தது மழைக்காலத்தில். மணி திரும்பி வரவில்லை. கேட்டபோதெல்லாம் ஒரு சோதனையில் இருக்கிறது என்றான். போன வாரம்தான் உண்மையைச் சொன்னான்.

இனி பேச்சியம்மாள்.

ஹரியின் அலுவலகத்தில் டீ போடுபவள். கான்ட்ராக்ட் வேலை. ஏழரைக்குள் விரல் வைத்து உள்ளே போக வேண்டும், எட்டு மணிக்கு மேசை மேசையாக டீ வைக்க வேண்டும். பெற்றோர் திருநெல்வேலிப் பக்கம், அவள் பிறந்தது தாராவி. மழைக்காலத்தில் இரண்டு நாள் ஹரியின் டீ எட்டே முக்காலுக்கு வந்தது. எட்டு மணி டீயை வைத்துக் கடிகாரத்தைச் சரிசெய்கிற ஆள் அவன். என்ன ஆயிற்று என்று விசாரித்தான்.

"எங்க வாரம் சார்" என்றாளாம்.

அந்த மூன்று சொல்லுக்குப் பின்னால் இருந்த கதையை ஹரி எனக்குச் சொன்னான். ஒரு தரப்பை மட்டும் கேட்டு எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. மீதியைப் பேச்சியம்மாளிடமே கேட்டுக்கொண்டேன்.

சந்தில் பதினொரு வீடு. சந்து முனையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். தண்ணீர் காலை ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே வரும். அதற்குள் எப்போது என்பது அன்றன்றைக்குத்தான் தெரியும். வந்த பிறகும், பக்கத்துச் சந்துக்காரர்கள் விழித்து மோட்டாரைப் போடும்வரைதான் வேகம். அப்புறம் இங்கே நூல்போல விழும். வீட்டுக்கு மூன்று நிமிடம் என்று கணக்கு. பதினொரு வீடும் நிறைய முப்பத்து மூன்று நிமிடம் வேண்டும்.

ஆகவே முழிப்பு முறை. வாரத்துக்கு ஒரு வீடு. அந்த வீட்டுப் பெண் நாலரைக்கு எழுந்து குழாயடியில் உட்கார வேண்டும். தண்ணீர் வரும்போது பத்துக் கதவையும் தட்ட வேண்டும். மற்றவர்கள் அதுவரை தூங்கலாம்.

இதில் ஒரு விதி. முழிப்பு முறைக்காரி கடைசியில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

ஏன்? ஆரம்பத்தில் சிலர் சத்தமில்லாமல் தங்கள் ட்ரம்மை நிரப்பிக்கொண்டு, பிறகு போய்க் கதவைத் தட்டினார்களாம். அதைத் தடுக்க வந்த விதி. விழித்திருந்ததற்குப் பரிசு, வரிசையில் கடைசி இடம். நான் பார்த்த பல அலுவலகங்களிலும் இந்த விதி உண்டு, எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

பேச்சியம்மாளின் வீடு மூன்றாவது. மற்ற வாரங்களில் பத்தாவது நிமிடம் அவள் வேலை முடிந்துவிடும். அவள் முறையில், தண்ணீர் ஆறரைக்கு வந்தால் ஏழுக்கு மேல்தான் அவள் ட்ரம்முக்குக் குழாயின் ரப்பர் டியூப் வரும். சயான் ஸ்டேஷனுக்கு நடந்து, லோக்கல் பிடித்து, விக்ரோலியில் இறங்கி... லேட் மார்க். மாதத்தில் மூன்று லேட் மார்க் விழுந்தால் கான்ட்ராக்டர் வேறு ஆளை அனுப்பிவிடுவார். மழைக்கால முறையில் முதல் இரண்டு நாளிலேயே இரண்டு விழுந்துவிட்டது. மூன்றாம் நாளிலிருந்து கதவுகளை மட்டும் தட்டிவிட்டு, தன் வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்காமலே வேலைக்குப் போனாள். வீட்டுக்கு ஒரு குடம் என்று அக்கம்பக்கத்தில் வாங்கி அந்த வாரத்தை ஓட்டினாள்.

ஹரிக்கு இது கண்முன்னால் போட்ட பரீட்சைக் கேள்வி மாதிரி இருந்திருக்கிறது. பதினோரு பேர் தூங்க வேண்டும். செய்தி வந்தால் உடனே தெரிய வேண்டும். குழாயடியில் மின்சாரம் கிடையாது, பேட்டரிதான். அவன் பையில் என் வாசல் மணி இருந்தது.

மணியிலிருந்து கேமராவை எடுத்துவிட்டு, ஈரம் பட்டால் உணரும் கம்பியை வைத்தான். தண்ணீர் வந்தால் கருவி வைஃபைக்குச் செய்தி அனுப்பும். அதைப் பதினொரு வீட்டு ஃபோனும் கேட்டு மணி அடிக்கும். ரௌட்டர் ஒன்பதாம் வீட்டில் இருந்தது. இசக்கியம்மாள் வீடு. சந்து முழுக்க அதன் பாஸ்வேர்டு தெரியும். யார் எழுப்பினார்கள் என்ற கேள்வியே இல்லை என்பதால் கடைசி இடமும் யாருக்கும் இல்லை. வீட்டு எண் வரிசையில் பிடித்துக்கொள்ளலாம். பேச்சியம்மாள் வீடு வீடாகப் போய்ப் பேசிச் சம்மதம் வாங்கினாள்.

கருவி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கண் திறந்து கம்பி நனைந்திருக்கிறதா என்று பார்க்கும்படி ஹரி வைத்தான். அப்படியானால் வருடத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்றினால் போதும். பத்து நிமிடத்தில் என்ன ஆகிவிடப் போகிறது?

ஹரியின் வீடு மாட்டுங்காவில் மூன்றாவது மாடி. மொட்டை மாடியில் தொட்டி. அவன் குழாயைத் திருகினால் தண்ணீர் வரும். வராத நாளில் வாட்ச்மேனுக்கு ஃபோன் போடுவான். அந்த வீட்டில் பத்து நிமிடம் என்பதற்குப் பொருள் எதுவும் கிடையாது.

கருவியைப் பேச்சியம்மாள் முதலில் கொண்டுபோய்க் கட்டியது இசக்கியம்மாளின் முறை வாரத்தில். மூன்று நாள் தண்ணீரும் கருவியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விழித்தன. அது அதிர்ஷ்டம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. வியாழக்கிழமை, கருவி எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்த மறு நிமிடம் தண்ணீர் வந்தது. ஒன்பது நிமிடம் கழித்து ஃபோன்கள் அடித்தன. ஒன்பது நிமிடம் என்றால் மூன்று வீடு. ஒன்பது, பத்து, பதினொன்று... ட்ரம்மில் பாதிகூட இல்லை.

ஒன்பதாம் வீடு யாருடையது என்று சொன்னேன் அல்லவா?

இசக்கியம்மாள் சண்டை போடவில்லையாம். மூன்றாம் வீட்டு வாசலில் வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏட்டி பேச்சி, ஒன் மிசினு நல்லாத் தூங்குச்சா?"

முறையைத் தவறவிட்ட வீடு அடுத்த வாரமும் முறை பார்க்க வேண்டும் என்பது சந்தின் இன்னொரு விதி. அப்படிப் பார்த்தால் அடுத்த வாரமும் இசக்கிதான். சந்துப் பெண்கள் கூடியபோது அவள் சொன்ன வாதத்தை அப்படியே தருகிறேன்: "நான் தூங்கினேன், இல்லன்னு சொல்லல. மிசினு எழுப்பும்னு இவ சொன்னா, அதனால தூங்கினேன். அப்ப தூங்கினது நானா, மிசினா?"

சட்டம் படித்தவர்கள் வாசகர்களில் இருந்தால் பதில் எழுதலாம். சந்து அவள் பக்கம் சாய்ந்தது. தண்டனை வாரம் பேச்சியம்மாளுக்குப் போயிற்று.

பத்து நிமிடம் அதிகம் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். கேட்டேன், ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று.

"அவுக படிச்சவுகல்லா, அக்கா. மிசினுக்குள்ள பத்து நிமிசம்னா அது வேற பத்து நிமிசமா இருக்கும்னு நெனச்சேன்."

இதை அவள் ஹரியிடமும் சொன்னபோது, அவன் டீயை ஆறவிட்டுக் கருவியைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டான். இது அவன் சொன்னதல்ல, பேச்சியம்மாள் சொன்னது.

பத்து நிமிடத்தைப் பத்து விநாடியாக்கினான். சந்தின் நம்பிக்கை போய்விட்டது என்பதால் கூடுதலாக ஒன்று செய்தான். ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் 'உயிரோடு இருக்கிறேன்' என்று கருவி ரௌட்டருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். தன் வீட்டுக் குளியலறையில் வைத்துச் சோதித்தான். வியாழன் இரவு வைத்தது சனிக்கிழமை நின்றுவிட்டது. உயிரோடு இருக்கிறேன், உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்ததில் உயிர் போய்விட்டது.

திங்கட்கிழமை தண்டனை வாரம் தொடங்கியது. தண்ணீர் ஆறே முக்காலுக்கு வந்தது. பேச்சியம்மாளுக்கு லேட் மார்க் ஒன்று.

அன்றைக்கு எட்டே முக்கால் டீயை மேசையில் வைத்தபோது, ஹரியின் முன்னால் கருவி பிரித்துக் கிடந்தது. அடிக்கடி பார்த்தால் பேட்டரி தாங்கவில்லை, எப்போதாவது பார்த்தால் தண்ணீர் போய்விடுகிறது என்று அவன் புலம்பியிருக்கிறான். அவளிடம் அல்ல, பொதுவாக. அவள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நாங்க தண்ணிய பாத்துக்கிட்டா இருக்கோம் சார்? தண்ணிக்கு முன்னால காத்து வரும்லா. புஸ்ஸுன்னு. அந்தச் சத்தம்தான எங்கள எழுப்புது."

முறை பார்ப்பவள் குழாயடியில் உட்கார்ந்தபடி தூங்கத்தான் செய்வாளாம். வருடக்கணக்காக எல்லோரும் அப்படித்தான். காற்று வந்து எழுப்பும். எழுந்து தட்டினால் தண்ணீர் வர நாலு நிமிடம் இருக்கும். ட்ரம்மை உருட்டி வர அது போதும்.

பதினொரு வருடம் தூக்கத்தில் உத்தியோகம் பார்த்த ஹரி, செவ்வாய்க்கிழமை விடியற்காலை முதன்முறையாகத் தாராவிக்குப் போனான். அது வரையில் அந்தக் குழாயை அவன் ஃபோட்டோவில்தான் பார்த்திருந்தான். வெள்ளை ஷூவோடு நின்று அந்தப் புஸ் சத்தத்தைக் கேட்டான். அன்றும் தண்ணீர் தாமதம். பேச்சியம்மாளுக்கு லேட் மார்க் இரண்டு.

மூன்றாவது விழுந்தால் வேலை போய்விடும். புதன், வியாழன், வெள்ளி, சனி — தண்டனை வாரத்தில் இன்னும் நான்கு வேலை நாள் பாக்கி.

செவ்வாய் சாயங்காலம் கருவியோடு மறுபடி வந்தான். இந்த முறை ஈரக் கம்பி இல்லை, பத்து விநாடி இல்லை. டப்பா மூடியிலிருந்து வெட்டிய மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்று குழாயின் வாயில் தொங்கியது. காற்று வந்தால் அது மேலே எழும்பி ஒரு கம்பியைத் தொடும். தொட்டால் கருவி விழிக்கும், ஒரே ஒரு செய்தி அனுப்பும், மறுபடி படுத்துவிடும். அதுவரைக்கும் அது எதையும் பார்ப்பதில்லை, எதையும் கேட்பதில்லை. அதன் வைஃபை ரேடியோ முழுக்க அணைந்திருக்கும்.

இசக்கியம்மாள் வீட்டில் ஒரு பேச்சுவார்த்தை நடந்தது. ரௌட்டரை ராத்திரியில் அணைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ள ஹரி போயிருந்தான். ஒரே அறை வீடு. ரௌட்டரின் பச்சை விளக்கு அவள் முகத்துக்கு நேராக. எல்லாவற்றையும் தூங்க வைக்கிறவர் இதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"மத்ததெல்லாம் தூங்கணும்னா ஒண்ணு முழிச்சிண்டு இருந்தாகணும், அக்கா. இது தூங்கினா யாரும் யாருக்கும் சொல்ல முடியாது."

இசக்கியம்மாள் அந்தப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாளாம்.

"அப்ப இதுக்கு வருசம் பூரா முறையா?"

ஆமாம் என்றான் ஹரி. அவள் எழுந்து, கொடியில் கிடந்த ஜாக்கெட் துணியை எடுத்து விளக்கை மட்டும் மறைத்துப் போட்டாள். சுவிட்சைத் தொடவில்லை.

புதன்கிழமை. ஹரி எனக்கு ஃபோன் செய்து, உங்கள் மணி நாளைக்கு வேலை செய்கிறதா என்று போய்ப் பார்க்கிறீர்களா ஆன்ட்டி என்று முந்தின நாள் கேட்டிருந்தான். தான் போனால் சந்தில் எல்லோரும் எழுந்து வந்துவிடுவார்கள், சோதனை கெட்டுவிடும் என்றான். எல்லோரும் தூங்க வேண்டும், அதுதான் சோதனை.

போனேன். எல்லோரும் எழுந்து வந்திருந்தார்கள்.

நாலரையிலிருந்து நிற்பதாகச் சொன்னார்கள். கையில் ஃபோன். சேலைத் தலைப்பு தலைக்கு மேல். ஒருத்தி நின்றபடியே பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். தூங்கச் சொன்னார்களே என்று இசக்கியம்மாளிடம் கேட்டேன்.

"எல்லாரும் தூங்கிட்டா, அது எழுப்புதா இல்லியான்னு யாரு பாக்கது?"

நானும் நின்றேன்.

சொன்னபடி செய்தது பேச்சியம்மாள் மட்டும்தான். வீட்டுக்குள் பாயில் படுத்திருந்தாள். கதவு லேசாகத் திறந்திருந்தது. கண் மூடியிருந்தது. அந்த நேரத்தில் தூங்கிப் பழக்கமில்லை, சும்மா மூடிக்கொண்டு கிடந்தேன் என்று பிறகு சொன்னாள்.

ஐந்து நாற்பத்தெட்டுக்குக் குழாய் புஸ்ஸென்றது.

பிளாஸ்டிக் துண்டு மேலே எழுந்தது. ஒரு விநாடி. இரண்டு விநாடி. இசக்கியம்மாள் குழாயைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள், கருவியைப் பெற்றவள் நான் என்பதுபோல. ஒருவகையில் உண்மைதான்.

மூன்றாவது விநாடியில் எல்லாக் கையிலும் ஃபோன் அடித்தது. ஒரே மெட்டு. மூன்றாம் வீட்டுக்குள்ளிருந்தும் ஒன்று கேட்டது.

இசக்கியம்மாள் தன் ஃபோனைப் பார்த்தாள். சத்தம் போடும் குழாயைப் பார்த்தாள்.

"இந்தக் காத்து எங்க காதுக்கே கேக்குதே. போன் வேற எதுக்கு?"

எல்லோரும் ட்ரம் உருட்டப் போய்விட்டார்கள். ஐந்து ஐம்பத்திரண்டுக்குத் தண்ணீர் விழுந்தது. ஒன்றாம் வீடு, இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு. ஆறு மணி ஒரு நிமிடத்துக்குப் பேச்சியம்மாள் டியூபை நாலாம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். பக்கத்துச் சந்தில் மோட்டார் உறுமியபோது பதினோராம் வீட்டு ட்ரம் முக்கால் நிறைந்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள். குறிப்பேட்டில் நேரங்களை எழுதிக்கொண்டேன். பழக்கம் விடவில்லை.

ஆறே காலுக்கு அவள் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மெயின் ரோடு வரை சேர்ந்து நடந்தோம். முறை வாரத்தில் இவ்வளவு சீக்கிரம் கிளம்பியதே இல்லை என்றாள். ஏழு மணிக்கே போய்ச் சேர்ந்துவிடுவாள், அரை மணி முன்னதாக. பால் காய்ச்சி வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்து ஒரு டீ குடிக்கலாம். அவள் சயானுக்குத் திரும்பினாள். நான் செம்பூருக்கு ஆட்டோ பிடித்தேன்.

எட்டு மணிக்கு ஹரியின் ஃபோன். கருவி வேலை செய்ததா என்றான். மூன்று விநாடி என்றேன். இரண்டரை இருக்கும் என்றான். இருக்கலாம் என்றேன்.

"எல்லாம் சரி ஆன்ட்டி... பேச்சியம்மா இன்னும் வரலையே?"

குறிப்பேட்டைப் புரட்டினேன். ஆறே காலுக்குக் கிளம்பியவள். சயானிலிருந்து விக்ரோலி கால் மணி நேரம்.

எட்டு இருபத்தைந்துக்கு வந்தாளாம். ஐம்பத்தைந்து நிமிடம் லேட். என்ன நடந்தது என்று அன்று சாயங்காலம் அவளே எனக்கு ஃபோனில் சொன்னாள். ஒளிக்க அதில் எதுவும் இல்லை.

அந்த நேரத்து லோக்கலில் லேடீஸ் டப்பா, அதாவது பெண்கள் பெட்டி, காலியாக இருந்திருக்கிறது. ஜன்னலோரம் ஓர் இடம். வழக்கமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போகிறவள், உட்கார்ந்தாள்.

"உக்காந்தது தெரியும் அக்கா. அப்பறம் வண்டி நின்னுட்டுது, ஒரு சத்தத்தையும் காணும். முழிச்சா, கல்யாண்."

விக்ரோலி தாண்டி, தாணே தாண்டி, வண்டியின் கடைசி ஸ்டேஷன் வரை போயிருக்கிறாள். எத்தனை வருடத்துத் தூக்கமோ.

"விக்ரோலி வந்தா எழுப்புங்கன்னு பக்கத்துல ஒரு ஆள்ட்ட சொல்லிட்டுல்லா தூங்கியிருக்கணும். சொல்லாமத் தூங்கிட்டேன்."

ஹரி என் வீட்டு மேசையில் மணியைப் பிரித்து வைத்துச் சொன்னதும் இதேதான். சொல்லிவிட்டுத் தூங்க வேண்டும். செய்தியைப் பிடித்து வைக்க விழித்திருப்பவர் ஒருவர் வேண்டும். அவளுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை, விக்ரோலியில் பேட்டரிக்குத்தான் சொல்லித் தருகிறார்கள்.

மூன்றாவது லேட் மார்க். சூப்பர்வைசர் ரெஜிஸ்டரைத் திறந்து கான்ட்ராக்டருக்கு ஃபோன் போடப் போனார். நல்ல மனிதர்தான், விதி விதி என்பவர். பேச்சியம்மாள் பேண்ட்ரியில் பால் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே நின்றாள். கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினாள் என்றான் ஹரி.

அவன் மாடியிலிருந்து ஒரு தாளோடு இறங்கி வந்திருக்கிறான். அவர்கள் அலுவலகத்தில் எந்தக் கருவியையும் வெளியிடத்தில் வைத்துப் பார்த்தால் நிரப்ப வேண்டிய படிவம். அதன் நகலை எனக்கு அனுப்பியிருந்தான். அச்சுக்குப் போகும் தாளைப் படிப்பதுபோல ஒருமுறை படித்தேன்.

சோதனை இடம்: தாராவி. சோதனையாளர்: பேச்சியம்மாள். தொடங்கிய நேரம்: காலை 4.30. முடிந்த நேரம்: காலை 8.25. கருவியின் நிலை: சரியாக இயங்கியது. பயனரின் நிலை: தூங்கிவிட்டார்.

பிழை ஒன்றும் இல்லை. எல்லாத் தகவலும் சரி.

சூப்பர்வைசர் விரலை வைத்து வரிவரியாகப் படித்தாராம். கடைசி வரியில் விரல் நின்றது. இந்தக் குறையை எப்போது சரி செய்வீர்கள் என்று ஹிந்தியில் கேட்டார்.

ஹரியும் ஹிந்தியில்தான் பதில் சொன்னான். அது குறை இல்லை சார், அதற்காகத்தான் செய்தோம் என்று.

அவர் ரெஜிஸ்டரில் லேட் மார்க்கை அடித்துவிட்டு 'டியூட்டி' என்று எழுதினார். டீ பத்து மணிக்கு வந்தது.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் கருவி சரியாக எழுப்பியது. இசக்கியம்மாள் மட்டும் இன்னும் நாலரைக்கே எழுந்து, அது தூங்குகிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வருகிறாளாம். பேச்சியம்மாள் இப்போது லோக்கலில் இடம் கிடைத்தால், பக்கத்திலிருப்பவரிடம் 'விக்ரோலி' என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுகிறாள்.

என் வாசல் மணி இனித் திரும்பி வராது. செம்பூருக்கு வருகிறவர்கள் கதவைத் தட்டவும்.